புண் ஆறிய பிறகு

தீக்காயம் பட்ட ஒரு தொழிலாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில் நாம் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். ‘ஆள் பிழைத்து வந்துவிட்டார், இனிக் கவலை இல்லை’ என்று எண்ணிவிடுகிறோம். லயத்தில் உள்ளவர்கள் வந்து பார்க்கிறார்கள். ஆளுக்கொரு டின் மைலோவோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ கொண்டுவந்து வைக்கிறார்கள். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. ‘எப்போது வேலைக்கு வருவார்?’ என்று நிர்வாகம் கேட்டு அனுப்புகிறது. ஒரு மாதம் போனால் விஷயம் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. மறக்க முடியாதவர் ஒரே ஒருவர்தான். அவருக்கோ அன்றுதான் இரண்டாவது கஷ்டகாலம் ஆரம்பமாகிறது.

இந்த இரண்டாவது கஷ்டகாலத்தைப் பற்றி நம் சங்கமும், தோட்ட நிர்வாகங்களும், லயத்து மக்களும், முக்கியமாகக் கிராணிமார்களும் இதுவரை போதிய அக்கறை காட்டவில்லை. இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லவே இத்தலையங்கத்தை எழுதுகிறோம். புண் ஆறுவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. முன்பாதியை டாக்டர்களும் நர்சுகளும் நடத்தி முடிக்கிறார்கள். பின்பாதி தோட்டத்தில் நடக்க வேண்டியது. செய்ய வேண்டிய வேலை, கிடைக்க வேண்டிய கூலி, குடியிருக்கும் வீடு, அக்கம்பக்கத்தார் காட்டும் முகம் ஆகிய இந்த நான்கும்தான் அதற்கு மருந்து. இந்த மருந்தைக் கொடுக்க டாக்டரால் ஆகாது, நம்மால் ஆகும்.

நம் குறையை முதலில் சொல்வோம்

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வது நியாயம். இதை எழுதுபவன் ஒரு தோட்டக் கிராணி. இந்த ஒரு விஷயத்தில் ‘நாம்’ என்று எழுதிச் சங்கத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆகவே ‘நான்’ என்றே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், புகைவீட்டுக்கு விறகு போடும் தோழர் ஒருவர் இருந்தார். ஒருநாள் விடியற்காலையில் அடுப்புக் கதவைத் திறந்தபோது, உள்ளே அடைபட்டிருந்த தீ ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. இரண்டு கைகளும், கழுத்தும், முகத்தின் வலப்பக்கமும் வெந்துவிட்டன. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். பிழைத்தார். மேலும் சில மாதங்கள் வீட்டில் இருந்துவிட்டு, ‘லேசான வேலை செய்யலாம்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஆபீசுக்கு வந்து நின்றார்.

சீட்டைப் பார்த்த மேலதிகாரி, “லேசான வேலைதானே? புல்வெட்டுக்குப் போடு” என்றார். புல்வெட்டு லேசான வேலையா என்று நான் கேட்கவில்லை. செக்ரோலை எடுத்தேன். அவர் பெயருக்கு நேரே ‘புல்வெட்டு’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் பத்து மணி வெயிலில் அவர் மயங்கி விழுந்தார் என்று மண்டோர் வந்து சொன்னபோது, ‘இத்தனை நாள் படுத்திருந்த உடம்பு, பழகினால் சரியாகிவிடும்’ என்று பதில் சொன்னவனும் நான்தான்.

வாரத்தில் ஒருநாள் கைப்பயிற்சிக்காக அவர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. காலை முதல் பஸ்ஸில் போனால் திரும்ப மாலையாகும். அவர் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்குமுன் நான் செக்ரோலை முடித்துவிடுவேன். அந்த நாட்களுக்கெல்லாம் ‘ஆப்சென்ட்’ விழுந்தது. மாதக் கடைசியில் வருகைக்காகக் கொடுக்கும் மேல்பணமும் அவருக்கு இல்லாமல் போயிற்று. சம்பள நாளில் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, இருட்டும் நேரத்தில் அவர் மட்டும் வருவார். நீளக்கைச் சட்டையைப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். கூட்டம் குறைந்த பிறகு வருகிறாரே, நமக்கும் வசதிதான் என்று நினைத்தேனே தவிர, ஏன் வருகிறார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் பொறுத்தார். பிறகு தாமாகவே வேலையை விட்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மனைவி மக்களோடு தம்பி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார்.

வெகுநாள் கழித்துப் பட்டணத்துப் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நலம் விசாரித்தேன். கோபமில்லாமல் பேசினார். புறப்படும்போது மட்டும், “அன்னைக்கு என்னைய நாத்துமேடையில தண்ணி ஊத்த விட்டிருந்தாக்கூட நான் தோட்டத்துலயே இருந்திருப்பேங்க ஐயா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. நாற்றுமேடை அங்கே இருந்தது. அதற்கு மேலே நிழல்வலையும் இருந்தது. அங்கே ஆள் தேவையும் இருந்தது. அவரை அங்கே போடலாம் என்று ஒரு சொல் சொல்ல ஒருவர் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

உடம்புக்கு என்ன நேர்கிறது?

‘காயம்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன?’ என்று கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், விவரம் தெரியாதவர்கள். நானும் அப்படி இருந்தவன்தான். ஆகவே விவரத்தைச் சொல்லுவோம்.

ஆழமான தீக்காயம் மேலே மூடிய பிறகுதான் அடியில் தழும்பு வளரத் தொடங்குகிறது. சில வாரங்களில் அது சிவந்து, தடித்து, கயிறுபோல முறுக்கேறுகிறது. அது அடங்கி மிருதுவாக ஓராண்டும் ஆகும், இரண்டாண்டும் ஆகும். அதற்குள் அது சும்மா இருப்பதில்லை. மூட்டுக்களைப் பிடித்து இழுக்கிறது. கையில் என்றால் விரல்கள் மடங்கிப்போகும். கழுத்தில் என்றால் தலையை நிமிர்த்த முடியாது. இதைத் தடுக்கத்தான் தினசரி பயிற்சியும், மூட்டுக்குத் தாங்குகட்டையும், தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடையும் கொடுக்கிறார்கள். அந்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். பல மாதங்கள் போட்டிருக்க வேண்டும். நம் நாட்டு வெக்கையில் அது எப்பேர்ப்பட்ட சோதனை என்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. கைப்பயிற்சிக்குப் போகும் நாளை ‘ஆப்சென்ட்’ என்று எழுதினால், அந்தத் தொழிலாளி அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகமாட்டார், வேலைக்கு வருவார். விரல் மடங்கிவிடும். பிறகு ஆயுள் முழுதும் உளியைப் பிடிக்க முடியாது. பேனாவால் ஒரு கோடு போட்டு ஒருவர் கையை முடக்கிவிட முடியும் என்பதைக் கிராணிமார்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

அடுத்தது வியர்வை. ஆழமாக வெந்து ஒட்டுப் போட்ட தோல், பழைய தோலைப்போல வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் தீயோடு போய்விட்டன. உடம்பின் சூடு வெளியேற வழி குறைகிறது. வெந்த இடம் அதிகமாக இருந்தால், மற்றவர்கள் தாங்கும் வெயிலை அவரால் தாங்க முடியாது. தலை சுற்றும், மயக்கம் வரும். அந்தத் தோழர் மூன்றாம் நாள் விழுந்தது சோம்பலால் அன்று. அப்படிப்பட்டவருக்கு நிழலில் வேலை கொடுப்பதை நிர்வாகம் காட்டும் தயவாக எண்ணக்கூடாது. மாத்திரை கொடுப்பது எப்படியோ, நிழல் கொடுப்பதும் அப்படியே.

புதுத்தோல் மெல்லியது. உளியின் பிடி உரசினால் கொப்புளம் போடும். தோளில் காண்டாக் கம்பு ஏறினால் உரியும். பாலில் கலக்கும் அமோனியா பட்டால் எரியும். இதற்கெல்லாம் மேலாக அரிப்பு! இரவில் படுத்தால் தழும்பு முழுதும் அரிக்கும். சொரிந்தால் தோல் கிழியும். சொரியாவிட்டால் தூக்கம் போகும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரம் வெட்ட வேண்டிய ஒருவருக்கு இரவுத் தூக்கம் இல்லையென்றால் என்ன ஆகும்? ‘ஆள் முன்போல இல்லை, மரத்தைக் காயப்படுத்துகிறான்’ என்று கங்காணி புகார் சொல்லுவார். புகாரின் பின்னால் உள்ள அரிப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

மனத்துக்கு நேர்வதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நெருப்புக்குச்சி கிழிக்கும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறவர்கள் உண்டு. கனவில் மீண்டும் மீண்டும் தீயைக் காண்கிறவர்கள் உண்டு. வீட்டில் கண்ணாடியைத் திருப்பி வைப்பவர்கள், கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் போகாதவர்கள், பிள்ளை தன் முகத்தைப் பார்த்துப் பயந்ததை நினைத்து நினைத்து உருகுகிறவர்கள், துக்கத்தை மறக்கச் சாராயத்தைத் தேடுகிறவர்கள் எல்லோரும் உண்டு. ‘கோழை’ என்றும் ‘பேய் பிடித்திருக்கிறது’ என்றும் இவர்களைப் பேசுவது பாவம். பெரிய விபத்தில் தப்பியவர்களுக்கு இப்படி நேர்வது மருத்துவம் அறிந்த விஷயம். அதற்குச் சிகிச்சையும் உண்டு. டிரெசரிடமோ டாக்டரிடமோ சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அளக்கத் தெரிந்தவர்கள் எதை அளந்தார்கள்?

முன்காலத்தில் தீக்காயப் பிரிவு டாக்டர்கள் ஒன்றைத்தான் கணக்கெடுத்தார்கள்: எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று. சிகிச்சை முன்னேறிப் பிழைப்பவர்கள் தொகை பெருகியபோது, ‘பிழைத்தவர் எப்படி வாழ்கிறார்?’ என்ற கேள்வி எழுந்தது. 1982-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். பிறகு 2001-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைச் சுருக்கி 40 கேள்விகளாக்கினார்கள். பல நாடுகளில் இன்றும் அது பயன்படுகிறது. அந்த 40 கேள்விகளும் 9 பகுதிகளாக இருக்கின்றன. கையால் செய்யும் காரியங்கள், குளித்தல் உடுத்தல் போன்ற எளிய வேலைகள், வெயில் தாங்கும் சக்தி, சிகிச்சைத் தொந்தரவு, தன் உருவத்தைப் பற்றிய எண்ணம், மனநிலை, மற்றவர்களோடு பழக்கம், கணவன் மனைவி உறவு, வேலை ஆகியவையே அந்த ஒன்பது.

வாசகர்கள் இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். இவற்றில் எத்தனை விஷயங்கள் ஆஸ்பத்திரிக்குள் தீரக்கூடியவை? வெயிலும் வேலையும் காட்டில் இருக்கின்றன. பழக்கமும் உறவும் லயத்தில் இருக்கின்றன. இன்னொன்றையும் ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எவ்வளவு தோல் வெந்தது என்பது மட்டும் ஒருவருடைய பிற்கால வாழ்வைத் தீர்மானிப்பதில்லை. சிறிய காயம் பட்டவர் மனமுடைந்து போவதும், பெரிய காயம் பட்டவர் நிமிர்ந்து நிற்பதும் உண்டு. சுற்றியிருப்பவர்களின் ஆதரவு அங்கே பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது.

வேலை விஷயத்தில் ஒரு கணக்கும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, காயத்துக்கு முன் வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 28 பேர் பிறகு எந்த வேலைக்கும் திரும்பவில்லை என்று சொல்கிறது. நால்வரில் ஒருவருக்கு மேல்! அந்தத் தோழரும் அப்படி ஒருவராக ஆகத்தான் இருந்தார். அவருடைய கை வேலை செய்ய மறுக்கவில்லை. நாம் கொடுத்த வேலையைத்தான் அந்தக் கையால் செய்ய முடியவில்லை.

ஒரு சிற்றூர் செய்து காட்டியது

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். நடந்திருக்கிறது, அதுவும் 80 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானத்தில் தீப்பிடித்து முகமும் கைகளும் வெந்துபோன பிரிட்டிஷ் விமானப்படையினரை, இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சர்ஜன் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ நியூசிலாந்தில் பிறந்தவர். புதுத்தோல் ஒட்டுவதில் கைதேர்ந்தவர். கத்தியால் செய்ய முடிந்தது பாதிதான் என்பதை அவர் கண்டுகொண்டார். நோயாளிக்கான நீல உடையை ஒதுக்கி, அவரவர் சொந்த உடையையும் படைச் சீருடையையும் அணிய விட்டார். பிறகு ஊராரை அழைத்துப் பேசினார். ‘என் ஆட்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள், வெறித்துப் பார்க்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யாதீர்கள், மற்ற மனிதரைப்போல நடத்துங்கள்’ என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். ஊரார் கேட்டார்கள். வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார்கள். ‘வெறித்துப் பார்க்காத ஊர்’ என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

நம் சங்கத்தார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. காயம்பட்ட விமானப்படையினர் 90 நாட்களுக்குள் குணமாகிப் பணிக்குத் திரும்பாவிட்டால், அவர்களைப் படையிலிருந்து விலக்கிப் பென்ஷனில் அனுப்பும் விதி அப்போது இருந்தது. தீக்காயம் 90 நாளில் தீராது என்று மெக்கிண்டோ மேலிடத்தோடு போராடினார். சிகிச்சை முடியும் வரை முழுச் சம்பளம் வேண்டும் என்றார். அதைப் பெற்றும் கொடுத்தார். சர்ஜன் ஒருவர் கூலிக்காக வாதாடினார் என்பதை நாம் மறக்கக்கூடாது. பையில் காசும், போக ஒரு வேலையும் இல்லாதவனுக்குப் புதுமுகம் கொடுத்து என்ன பயன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

அந்த நோயாளிகள் 1941-ல் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். தங்கள்மேல் புதுப்புதுச் சோதனைகள் நடந்ததால், சோதனைக்கூடத்து ‘கினிப்பிக்’ பிராணியின் பெயரையே கேலியாகச் சூட்டிக்கொண்டார்கள். விரல்கள் வெந்தவரைக் காரியதரிசி ஆக்கினார்கள், அதிகமாகக் குறிப்பு எழுதமாட்டார் என்று! கால்கள் வெந்தவரைப் பொக்கிஷதார் ஆக்கினார்கள், பணத்தோடு ஓடமாட்டார் என்று! யுத்த முடிவில் அங்கத்தினர் தொகை 649. துன்பம் அறிந்தவர்கள் ஒன்றுகூடினால் சிரிக்கவும் முடியும் என்பதற்கு இது சாட்சி. விமானம் ஓட்டியவர்களுக்கு ஒரு நாடு செய்ததை, புகைவீட்டில் விறகு போட்டவருக்கு ஒரு தோட்டம் செய்யக்கூடாதா?

சட்டம் என்ன தருகிறது?

நம் நாட்டில் சட்டம் வெறுங்கையாக இல்லை. 1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டக் காலத்திலிருந்து நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி 1971 முதல் சொக்சோ இயங்கிவருகிறது. வேலையில் காயம்பட்டு டாக்டர் விடுப்பில் இருக்கும்போது, கணக்கிடப்படும் தினக்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சதவீதம் நிர்ணயிக்கும். அது 20-க்கு மேற்படாவிட்டால் ஒரே தொகையாகக் கிடைக்கும். மேற்பட்டால் மாதாமாதம் பெற வழி உண்டு. காயம்பட்டவர்களை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு. இன்று நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்கள் குடும்பத்தை விட்டு வந்து தனியே இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் வெந்துபோனால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அங்கே நம் சங்கத்தார் உட்காரவேண்டும்.

ஆனால் சட்டம் எண்ணத் தெரிந்ததைத்தான் எண்ணும். அட்டவணையில் விரல் போனால் இவ்வளவு, கை போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அரிப்புக்கும், தூக்கமின்மைக்கும், வெயில் தாங்காமைக்கும், ஆள் முகத்தில் விழிக்கக் கூசுவதற்கும் அப்படி ஒரு வரி கிடையாது. அந்தத் தோழர் மருத்துவக் குழுவின் முன் போனபோது, ‘கையை மூடுங்கள்’ என்றார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக் காட்டினாராம். நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் நம் ஆட்களின் சுபாவம். இரவில் தூங்குவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. உடன் போய்ச் சொல்ல நாங்களும் இல்லை. மருத்துவக் குழுவின் முடிவு போதாது என்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் வெந்துபோகும் நம் சகோதரிகளை மறந்துவிடக்கூடாது. சமையல் எண்ணெய், கொதிநீர், மண்ணெண்ணெய் அடுப்பு, கேஸ் சிலிண்டர் இவற்றால் படும் காயம் வேலைவிபத்துக் கணக்கில் வராது. இவர்களுக்காக 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் 12 மாதங்களுக்கு 120 வெள்ளி சந்தா கட்டிச் சேரலாம். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கும்படி தோட்டத்து ஆண்களைக் கேட்டுக்கொள்கிறோம். யாருக்குத் தீக்காயம் பட்டாலும் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். பற்பசை, கிச்சாப், காப்பித்தூள் எதையும் பூசக்கூடாது. பால் உறையவைக்கும் ஆசிட் பட்டாலும் முதல் மருந்து ஏராளமான தண்ணீர்தான்.

நாம் கேட்பது

நிர்வாகங்களை நாம் கேட்பது அதிகமில்லை. தீக்காயத்திலிருந்து திரும்பும் தொழிலாளிக்கு முதலில் நிழலில் உள்ள வேலை கொடுக்கவேண்டும். நாற்றுமேடை, பால் ஸ்டோர்க் கணக்கு, மங்கு கழுவுதல், ஆயாக்கொட்டகை என்று எந்தத் தோட்டத்திலும் ஒன்று இருக்கும். பால் எடைக்குக் கூலி என்று சொல்லிப் பாதிக்கூலி கொடுக்காமல், முழு நாட்கூலி கொடுக்கவேண்டும். பயிற்சிக்குப் போகும் நாள் சிகிச்சை நாளாகவே பதிவாகவேண்டும். பழைய நிரைக்குத் திரும்புவதைக் கொஞ்சங் கொஞ்சமாக, டாக்டர் சொல்லும் அளவில் வைக்கவேண்டும். ஓராண்டோ இரண்டாண்டோ தழும்பு அடங்கும் வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இவற்றை எழுத்தில் வைக்கும்படி நம் செயற்குழுவை வற்புறுத்துகிறோம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். ‘கையில் காயம்’ என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எந்தெந்த இடம், எப்படி, எவ்வளவு என்று விவரமாக எழுதுங்கள். பின்னால் வரும் நஷ்டஈட்டுக்கு அதுவே அஸ்திவாரம். சீட்டு வர நேரமானால் செக்ரோலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, மறுநாள் நிரப்புங்கள். அதனால் தோட்டம் முழுகிவிடாது.

கிளைக் கமிட்டியினருக்கு ஒரு வார்த்தை. தீக்காயம் பட்டவர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். ஆறாம் மாதம் நீங்கள் போங்கள். மருத்துவக் குழு முன்னே ஒருவர் கூடவே போய், அரிப்பு முதல் தூக்கமின்மை வரை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டங்களில் அதே துன்பம் கண்டவர்கள் இருந்தால் ஒருவரை ஒருவர் சந்திக்கச் செய்யுங்கள்.

லயத்துச் சகோதர சகோதரிகளே! உங்களிடம் கேட்பது காசு செலவில்லாத காரியம். தீத்தழும்பு தொற்றுநோய் அன்று. அவர் கையால் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். ‘ஐயோ, எப்படி இருந்த முகம்!’ என்று அவர் காதுபட இரங்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் அதட்டாமல், ‘மாமாவுக்குத் தீ சுட்டது, ஆறிவிட்டது’ என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். திருவிழாக் கமிட்டியில் அவர் பெயரைப் பழையபடி சேருங்கள். வேலை கொடுங்கள், குறைவான வேலையானாலும் கொடுங்கள்.

இதை எழுதுபவன் வேலை பார்க்கும் தோட்டத்தில் போன மாதம் முதல் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தத் தொழிலாளி ‘லேசான வேலை’ என்ற சீட்டோடு வந்தாலும், கிராணி தனியாகத் தீர்மானிக்காமல், டிரெசரையும் கிளைத் தலைவரையும் அந்தத் தொழிலாளியையும் வைத்துக்கொண்டு, என்ன வேலை என்று கேட்டு எழுதுகிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. அந்த ஐந்து நிமிடம் அன்றைக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் ஒரு குடும்பம் இன்றும் எங்கள் லயத்தில் இருந்திருக்கும். இத்தாளைப் படிக்கும் ஒவ்வொரு தோட்டத்தாரும் இவ்வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்படுத்திய கிளைகள் நமக்கு எழுதுக. அவற்றின் பெயர்களை இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.